ஒரு நோயைக் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? அல்டோ கஸ்டெல்லானியும் என் அம்மாவின் கிளினிக் கொப்பியும்

என் அம்மா பண்டாரவளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். வேலையை விட்ட இரண்டாம் வருடம் அவருக்குச் சீனி வியாதி இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை கிளினிக். விடியற்காலை வெறும் வயிற்றோடு லயத்திலிருந்து இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, குளிசை வாங்கித் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நோயின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு பெயர்தான் பிறகு எல்லாவற்றுக்கும் பதிலாகியது.

அம்மா மெலியத் தொடங்கினார். சீனி என்றார்கள். களைப்பு என்றார். அதுவும் சீனி. இருமல் வந்தது. பனி, குளிர், அடுப்புப் புகை என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். இப்படி ஐந்து மாதம் போனது. ஒரு நாள் இரவு இருமலோடு இரத்தம் வந்தபோதுதான் பதுளைக்குக் கொண்டுபோனோம். சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய். ஆறு மாதம் மருந்து எடுத்து அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது நுரையீரலின் மேல் பகுதி வடுவாகிப் போய்விட்டது. இன்று எங்கள் வீட்டுக்கு வரும் படியில் மூன்று இடத்தில் நின்றுதான் ஏறுகிறார்.

நான் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். அம்மாவை வார்ட்டில் சேர்த்த அதே வாரம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த பாடம் நிபந்தனை நிகழ்தகவு. ஒன்று நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு மற்றொன்று நடப்பதற்கான வாய்ப்பு என்ன என்பதுதான் அந்தப் பாடம். கரும்பலகையில் A என்றும் B என்றும் இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பகுதியை நிழற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். சீனி வியாதி ஒரு வட்டம், காசம் ஒரு வட்டம் என்று என் தலைக்குள் வந்ததும் வெண்கட்டி கையிலிருந்தபடியே நின்றுவிட்டேன். கிளினிக்கில் யாரும் கேட்காத கேள்வியை, அதைத் தொழிலாகப் படிப்பிக்கும் நானும் என் வீட்டில் கேட்கவில்லை.

பாடத்துக்குப் பந்தும் பகடையும் வேண்டாம், இந்த நாட்டு மருத்துவத்திலிருந்தே ஓர் உதாரணம் வேண்டும் என்று தேடியபோதுதான் அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவரின் வாழ்க்கையை வாசித்தேன். 1903 முதல் 1915 வரை கொழும்பில் இருந்தவர். ஒரே உடம்பில் இரண்டு நோய் இருக்கிறதா, அல்லது ஒரு நோய் இரண்டு போலத் தோன்றுகிறதா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியிருக்கிறது. சில இடங்களில் அவர் அதைச் சரியாகப் பிடித்தார். ஓரிடத்தில் மோசமாகத் தவறவிட்டார். இரண்டும் நமக்குப் பாடம்.

ஒரு சீரம், இரண்டு கிருமி

கஸ்டெல்லானி 1874இல் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். 1899இல் அங்கேயே மருத்துவப் பட்டம் பெற்று, ஜேர்மனியின் பொன் நகருக்குப் போய் பக்டீரியவியல் அறிஞர் வால்தர் குருசேயிடம் வேலை கற்றார். அந்தக் காலத்தில் மருத்துவர்களைக் குழப்பிக்கொண்டிருந்த ஒரு சிக்கல் இருந்தது.

1896இல் பிரான்சில் விடால் என்ற மருத்துவர் நெருப்புக் காய்ச்சலுக்கு, அதாவது தைபோயிட்டுக்கு, ஒரு இரத்தச் சோதனையைக் கொண்டுவந்தார். நோயாளியின் இரத்தத்தில் செம்மையான பகுதி உறைந்து ஒதுங்கியபின் தெளிந்து நிற்கும் நீர்ப்பகுதிதான் சீரம். அதை எடுத்துத் தைபோயிட் கிருமிகளோடு கலந்தால், நோயாளிக்கு அந்த நோய் இருக்குமானால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் செய்யும் வேலை அது. ஆனால் அதே சீரம் பல சமயம் பரதைபோயிட் கிருமியையும் கொஞ்சம் திரட்டிவிடும். இரண்டு கிருமிகளும் பங்காளிகள். ஒருவனுக்குத் தைத்த சட்டை மற்றவனுக்கும் ஓரளவு பொருந்தும். அப்படியானால் நோயாளிக்கு இருப்பது ஒரு நோயா, இரண்டு நோயா?

இதைப் பிரித்தறியக் கஸ்டெல்லானி 1902இல் ஒரு வழி சொன்னார். சீரத்துக்குள் தைபோயிட் கிருமிகளை நிறையப் போட வேண்டும். அவற்றோடு ஒட்டக்கூடிய எல்லாம் ஒட்டிவிடும். திரண்டதை அகற்றிவிட்டு, மிஞ்சிய தெளிந்த சீரத்தைப் பரதைபோயிட் கிருமியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றும் திரளவில்லை என்றால் முதலில் தெரிந்தது தைபோயிட்டின் நிழல் மட்டும்தான். இன்னும் திரள்கிறது என்றால் அந்த உடம்பு பரதைபோயிட்டையும் தனியாகச் சந்தித்திருக்கிறது.

இதை வாசித்தபோது என் பாடத்தைச் சோதனைக் குழாய்க்குள் பார்த்தது போல இருந்தது. முதல் நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொள். அதனால் விளங்கக்கூடியதையெல்லாம் அதன் கணக்கில் கழித்துவிடு. மிஞ்சியதை வைத்து இரண்டாவது நோயைக் கேள். முதல் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக இரண்டாவது கேள்வி நின்றுவிடுவதில்லை. முதல் நோயைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இரண்டாவது கேள்வியைச் சரியாகக் கேட்கவே முடியும்.

நமது ஊருக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1894இல்தான் ரயில் பாதை பண்டாரவளைக்கு வந்தது. 1900இல் பக்கத்தில் உள்ள தியத்தலாவையில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாமில் தைபோயிட் பரவிப் பலர் இறந்தார்கள். குடிக்கும் தண்ணீரும் கழிவும் ஒன்றாகும் இடமெல்லாம் இந்தக் காய்ச்சல்கள் தனியாகவும் வந்தன, கூட்டாகவும் வந்தன.

உகண்டாவில் ஒரு பிழை

1902இல் உகண்டாவில் தூக்க நோய் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. லண்டன் றோயல் சொசைட்டி அனுப்பிய ஆய்வுக் குழுவில் ஜோர்ஜ் லோ, கத்பேர்ட் கிறிஸ்டி ஆகியோரோடு இருபத்தெட்டு வயதுக் கஸ்டெல்லானியும் போனார். என்டெபேயில் நோயாளிகளையும் இறந்தவர்களின் உடல்களையும் சோதித்தார். பெரும்பாலானவர்களில் ஒருவகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியா கிடைத்தது. நோய்க்குக் காரணம் இதுதான் என்று முடிவுகட்டினார்.

அது பிழை. அந்தப் பக்டீரியா, நோய் முற்றி உடம்பு தளர்ந்த பிறகு உள்ளே வருவது. இறந்தவர்களையும் இறக்கப் போகிறவர்களையும் சோதித்ததால் அது பெரும்பாலானவர்களிடம் தென்பட்டது. இன்னும் நடமாடிக்கொண்டிருந்த நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தால் அவ்வளவு பேரில் கிடைத்திருக்காது.

மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது. தூக்க நோய் உள்ளவர்களிடம் இந்தக் கிருமி இருக்கும் வாய்ப்பு ஒன்று. இந்தக் கிருமி உள்ளவருக்குத் தூக்க நோய் இருக்கும் வாய்ப்பு வேறொன்று. முதலாவது பெரியது என்பதால் இரண்டாவதும் பெரியதாக வேண்டும் என்றில்லை. இரண்டும் பெரியவையாக இருந்தாலும்கூட ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. நாம் எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1946இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஜோசப் பேர்க்சன் இதை ஒரு கணக்காகவே எழுதினார். ஒரு நோய் உள்ளவரைவிட இரண்டு நோய் உள்ளவர் வைத்தியசாலைக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே வார்ட்டுக்குள் நின்று எண்ணினால், வெளியே ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு நோய்கள்கூடக் கைகோத்துத் திரிவதாகத் தோன்றும்.

கஸ்டெல்லானி தன் பிழையில் முழுதாக மூழ்கிவிடவில்லை. சில நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் ட்ரிபனசோம் என்ற நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டார். 1903 மார்ச்சில் டேவிட் புரூஸ் உகண்டாவுக்கு வந்தபோது அதை அவரிடம் சொன்னார். புரூஸ் அதற்கு முன்பே சூலுலாந்தில் கால்நடைகளைக் கொல்லும் நகானா நோயை ட்ரிபனசோமோடும் செற்சி ஈயோடும் தொடர்புபடுத்தியவர். அதனால் இந்தச் செய்தியின் கனம் அவருக்கு உடனே விளங்கியது. அதன்பின் தேடத் தேட அந்த ஒட்டுண்ணி மேலும் மேலும் கிடைத்தது. கண்டுபிடிப்பு யாருடையது என்று பிறகு பல வருடம் சண்டை நடந்தது.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அதற்குச் சற்று முன்புதான் காம்பியாவில் ஒரு காய்ச்சல் நோயாளியின் இரத்தத்தில் போர்ட், டட்டன் என்ற மருத்துவர்கள் ட்ரிபனசோமைக் கண்டிருந்தார்கள். அது தனியொரு காய்ச்சல் என்றே எண்ணப்பட்டது. உண்மையில் அந்தக் காய்ச்சலும் தூக்க நோயும் இரண்டு நோய் அல்ல. ஒரே நோயின் முன்கட்டமும் பின்கட்டமும். இங்கே கேள்வி தலைகீழாகிவிடுகிறது. ஒரே நோய் இரண்டு பெயரில் பதியப்பட்டால், இரண்டு நோய் சேர்ந்து வருகிறது என்று எண்ணிக் கணக்கையே கெடுத்துக்கொள்வோம்.

கொழும்பில் பன்னிரண்டு ஆண்டுகள்

1903இல் இலங்கை அரசாங்கத்தின் பக்டீரியவியலாளராகக் கஸ்டெல்லானி கொழும்புக்கு வந்தார். ஆய்வுகூடத்தையும் வெப்பமண்டல நோய்களுக்கான கிளினிக்கையும் சேர்த்து நடத்தினார்.

1905இல் பேர்லினில் ஷவுடின், கிரந்தி நோயின் கிருமியான சுருள் வடிவப் பக்டீரியாவைக் கண்டார். அதே ஆண்டில் கொழும்பில் கஸ்டெல்லானி, பறங்கிப்புண் நோயாளிகளின் புண்ணில் கிட்டத்தட்ட அதே உருவத்தில் ஒரு கிருமியைக் கண்டார். இரண்டையும் நுணுக்குக்காட்டியில் வைத்தால் வேறுபாடு தெரியாது. நமது மொழியிலும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. பறங்கி என்ற சொல் இரண்டு நோய்க்கும் புழங்கியது. சித்த வைத்தியத்தில் பறங்கிப்பட்டை இத்தகைய புண்களுக்கான மருந்து. ஆனால் கிரந்தி பெரும்பாலும் உடலுறவால் தொற்றுவது. பறங்கிப்புண் வறண்ட வலயத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்குத் தோலோடு தோல் பட்டுத் தொற்றியது. ஒன்றுக்கு ஊர் அவமானம் சேர்த்தது. மற்றொன்று அப்பாவிப் பிள்ளையின் காலில் வந்த புண்.

அடுத்த ஆண்டு வந்த வாசர்மான் சோதனை இரண்டு நோய்க்கும் இருக்கிறது என்றே பதில் சொல்லும். பேர்லினில் ஒருவருக்கு அந்தச் சோதனை நேர்மறையாக வந்தால் கிரந்தி என்று கருத நியாயம் உண்டு, அங்கே பறங்கிப்புண் இல்லை. பறங்கிப்புண் நிறைந்த இலங்கைக் கிராமம் ஒன்றில் அதே சோதனை, அதே விடை, ஆனால் பொருள் வேறு. சோதனைத் தாளில் உள்ள விடையை மட்டும் வைத்து நோயின் வாய்ப்பைச் சொல்ல முடியாது. அந்த ஊரில் எந்த நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். பேயிசின் தேற்றம் என்று நாங்கள் படிப்பிப்பதன் சாரம் இவ்வளவுதான்.

கொழும்பில் அவர் செய்த இன்னொரு வேலை கூட்டுத் தடுப்பூசி. ஒரே ஊசியில் பல கிருமிகளைச் சேர்த்துச் செலுத்தினால் உடம்பு ஒன்றைக் கவனித்து மற்றதை விட்டுவிடுமா என்ற சந்தேகம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தனித்தனியே பிறபொருளெதிரி உண்டாக்குகிறது என்று அவர் காட்டினார். தைபோயிட், பரதைபோயிட் ஏ, பரதைபோயிட் பி ஆகிய மூன்றும் சேர்ந்த ஊசி முதலாம் உலகப் போரில் படைகளுக்குப் பரவலாகப் போடப்பட்டது. அல்பேர்ட் சாமர்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கைந்நூல் 1910இல் வெளிவந்தது. 1919இல் வந்த மூன்றாம் பதிப்பு 2,000 பக்கங்களைத் தாண்டியது. தோல் பூஞ்சைக்குப் பூசும் செந்நிற மருந்து ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

அதே பன்னிரண்டு வருடத்தில் மலையகத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் எப்படி இறந்தார்கள் என்று அந்தக் கால அரசாங்கப் பதிவுகளைப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை சில சொற்கள்தான். பலவீனம், வயிற்றோட்டம், சீதபேதி, கொக்கிப்புழு. ஒரு மரணத்துக்கு ஒரு சொல். ஆனால் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி வெளுத்துப்போன உடம்பில்தான் மலேரியா தங்கியது. அந்த உடம்பைத்தான் சீதபேதி சாய்த்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய வட்டங்களை ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிப் பெயரேட்டை மூடினார்கள். பலவீனம் என்று எழுதப்பட்ட ஒருவருக்கு எத்தனை நோய் இருந்தது என்று கேட்கப் பிறகு யாரும் வரவில்லை.

ஆயிரம் பேர் கணக்கு

இனி என் வகுப்பில் இப்போது நான் போடும் கணக்குக்கு வருகிறேன். எண்கள் கற்பனை. விளங்குவதற்காக மட்டும்.

ஒரு தோட்டத்தில் 1,000 பெரியவர்கள். அவர்களில் 100 பேருக்குச் சீனி வியாதி. 8 பேருக்குக் காசம். சீனி வியாதி உள்ளவருக்குக் காசம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட விஷயம். ஆகவே அந்த 8 பேரில் 2 பேர் சீனி வியாதி உள்ளவர்கள், 6 பேர் இல்லாதவர்கள் என்று வைப்போம்.

ஏதாவது ஒரு நோயாவது உள்ளவர்கள் எத்தனை பேர்? நூறையும் எட்டையும் கூட்டி 108 என்று சொல்லும் மாணவர் ஒவ்வொரு வருடமும் இருப்பார். இரண்டும் உள்ள 2 பேரை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். சரியான விடை 106.

சீனி வியாதி உள்ளவருக்குக் காசம் இருக்கும் வாய்ப்பு 100இல் 2. காசம் உள்ளவருக்குச் சீனி வியாதி இருக்கும் வாய்ப்பு 8இல் 2, அதாவது நூற்றுக்கு 25. அதே இரண்டு பேர், அதே இரண்டு நோய். கேள்வியைத் திருப்பினால் விடை பன்னிரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது.

இப்போது சீனி வியாதி உள்ள நூறு பேரில் மெலிவும் இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருமலும் சேர்ந்து உள்ளவர்களைப் பார்ப்போம். காசம் உள்ள 2 பேருக்கும் இருக்கிறது. காசம் இல்லாத 98 பேரில் 5 பேருக்கு வேறு காரணங்களால் இருக்கிறது என்று வைப்போம். ஆக 7 பேர். இந்த ஏழு பேரில் காசம் இருக்கும் வாய்ப்பு 7இல் 2, கிட்டத்தட்ட நூற்றுக்கு 29.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். இது சீனியால் வந்த மெலிவு, இருமல் பனியால் வந்தது என்று சொன்னவர் 7இல் 5 தடவை சரியாகச் சொல்லியிருப்பார். அதனால்தான் அந்தப் பழக்கம் நிலைக்கிறது. பெரும்பாலும் சரியாகிவிடுகிற ஊகம் தன் பிழையை வெளியே காட்டாது. ஆனால் 100இல் 2ஆக இருந்த வாய்ப்பு இரண்டு அறிகுறிகளைச் சேர்த்ததும் 100இல் 29ஆக ஏறியிருக்கிறது. அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிக்க நூறு பேரைச் சோதிக்கத் தேவையில்லை. ஏழு பேரின் சளியைச் சோதித்தால் போதும்.

காசம் ஒருவரோடு நிற்கும் நோயும் அல்ல. ஒரே கூரைக்கு அடியில், காற்று வராத அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் லயத்தில், தவறவிட்ட ஒருவர் என்பது அந்த வரிசை முழுக்கவும்தான். அம்மா இருமிய ஐந்து மாதமும் அவர் பக்கத்தில் படுத்தது என் அக்காவின் மகள். நல்லவேளை, பிள்ளைக்குத் தொற்றவில்லை.

மருத்துவரும் முசோலினியும்

1915இல் கஸ்டெல்லானி நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பதவியை ஏற்றுக் கொழும்பை விட்டுப் போனார். போர்க் காலத்தில் சேர்பியாவில் காய்ச்சல்களோடு போராடினார். பிறகு லண்டனில் மருத்துவம் பார்த்தார், ரொஸ் நிறுவகத்தில் பணியாற்றினார், அமெரிக்காவிலும் படிப்பித்தார். பிரித்தானியா அவருக்குச் சேர் பட்டம் கொடுத்தது. மன்னர்களும் செல்வந்தர்களும் அவரிடம் வைத்தியம் பார்த்தார்கள்.

முசோலினியும் அவருடைய நோயாளி. 1935இல் இத்தாலி எதியோப்பியாவின் மீது படையெடுத்தபோது அந்தப் படையின் மருத்துவப் பணிகளுக்குக் கஸ்டெல்லானி தலைமை தாங்கினார். நோயால் இறந்த இத்தாலியச் சிப்பாய்கள் மிகக் குறைவு என்பது அப்போது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. அதே போரில்தான் இத்தாலி எதியோப்பிய மக்கள் மீது நச்சு வாயுவைப் பயன்படுத்தியது. இத்தாலிய மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். இரண்டாம் உலகப் போரிலும் அவர் அதே அரசின் பக்கமே நின்றார். 1946இல் இத்தாலி குடியரசானதும் அரச குடும்பத்தைப் பின்தொடர்ந்து போர்த்துக்கல்லுக்குப் போனார். 1960இல் தன் நினைவுகளை நூலாக எழுதினார். 1971 ஒக்டோபரில் லிஸ்பன் நகரில் இறந்தபோது வயது 97.

இந்தப் பகுதியை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்று முதலில் யோசித்தேன். சொல்கிறேன். பறங்கிப்புண்ணின் கிருமியைக் கண்டவர் என்பதால் எதியோப்பியா மறைந்துவிடாது. எதியோப்பியாவுக்குப் போனவர் என்பதால் சோதனைக் குழாய் பொய்யாகிவிடாது. ஒரு மனிதருக்கு ஒரே ஒரு பெயர் எழுதிப் பக்கத்தை மூடும் பழக்கமும், ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பெயர் எழுதிக் கொப்பியை மூடும் பழக்கமும் ஒரே சோம்பலில் இருந்து வருபவை.

கொப்பியில் இருந்த விடை

அம்மா குணமான பிறகு அவருடைய பழைய கிளினிக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு மாதப் பதிவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதல் மாதம் வெறும் வயிற்றுச் சீனி 210, நிறை 52 கிலோ. குளிசையைக் கூட்டினார்கள். சீனி 180, பிறகு 150, பிறகு 126. நிறை 50, 47, 44. கடைசியில் சீனி கிட்டத்தட்டக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது. நிறை 41.

மெலிவுக்குச் சீனி மட்டும்தான் காரணம் என்றால், சீனி இறங்க இறங்க நிறை ஏறியிருக்க வேண்டும், குறைந்தது நின்றிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கஸ்டெல்லானியின் சோதனை மாதாமாதம் அந்தக் கொப்பியிலேயே நடந்துகொண்டிருந்தது. முதல் நோயின் பங்கைக் குளிசை கழித்துவிட்டது. மிஞ்சியது கண்ணுக்கு முன்னால் எழுதியிருந்தது. சீனியை எழுதியவர் நிறையைப் பார்க்கவில்லை. நிறையை எழுதியவர் சீனியைப் பார்க்கவில்லை. மாதாமாதம் அந்தக் கொப்பியை மழையில் நனையாமல் பையில் சுற்றிக் கொடுத்தனுப்பிய நான் இரண்டையும் பார்க்கவில்லை.

கிளினிக்கில் இருந்தவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு காலைக்குள் இருநூறு பேரைப் பார்க்க வேண்டிய வைத்தியருக்கு ஒரு கொப்பிக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். ஆனால் வழி தெரியாமல் இல்லை. சீனி வியாதி உள்ளவர்களிடம் காசத்தின் அறிகுறியையும், காசம் உள்ளவர்களிடம் சீனியையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை என்பது நாட்டில் எல்லா இடத்திலும் சொல்லப்படுவது. சளிப் பரிசோதனைக்கு அரச வைத்தியசாலையில் காசு இல்லை. தோட்டத்திலிருந்து வரும் ஒருவருக்கு அதற்கான செலவு இன்னொரு நாள் பேர் போடாமல் போவதும் பஸ் காசும்தான். அதுவே பெரிய தொகை என்பதால்தான் கேள்வியை முதல் தடவையிலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

வாசிப்பவர்களில் வீட்டில் ஒரு கிளினிக் கொப்பி உள்ளவர்கள் இருப்பீர்கள். இன்றிரவு அதை எடுத்துக் கடைசி ஆறு மாதப் பதிவுகளை வரிசையாகப் பாருங்கள். எழுதப்பட்டிருக்கும் நோய்க்கு மருந்து வேலை செய்கிறதா? செய்கிறது என்றால், குறையாமல் மிஞ்சி நிற்பது என்ன? மெலிவா, இருமலா, மூச்சு வாங்குவதா, கால் வீக்கமா? அதைத் தாளில் எழுதி அடுத்த தடவை வைத்தியரிடம் கொடுங்கள். இருமல் என்றால் எத்தனை கிழமை என்றும் எழுதுங்கள். கேள்வி கேட்டால் கோபிப்பார்களோ என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. எழுதிக் கொடுப்பது சுலபம்.

அம்மாவின் இப்போதைய கொப்பியில் முதல் பக்கத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டாவது பெயருக்கு எதிரே, சிகிச்சை முடிந்தது என்று எழுதித் திகதி போட்டிருக்கிறார்கள். கிளினிக் நாளில் இன்றும் அவர்தான் விடியற்காலையில் முதலில் எழும்புகிறார். ஒரு வித்தியாசம், இப்போது பஸ்ஸில் அவரோடு நானும் போகிறேன்.